ஒரு பெரிய டிரம், இரண்டு டப்பு

பேண்டு செட்டில் நான் சேர்ந்ததற்குக் காரணம் சங்கீத ஆர்வம் அல்ல, தெலுங்கு தெரியாததுதான்.

எழுபதுகளில் கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பி உருட்டும் தொழிற்சாலை ஒன்றில் டெம்பரவரி குமாஸ்தாவாக இருந்தேன். டைம் ஆபீசில் வேலை. யார் எப்போது உள்ளே வந்தார்கள், எப்போது வெளியே போனார்கள் என்று குறிக்க வேண்டும். மீஞ்சூரிலிருந்து பாசஞ்சர் ரயிலில் போய் வருவேன். கையில் தடிமனான மொழிபெயர்ப்பு நாவல் ஏதாவது இருக்கும். அதில் வரும் குமாஸ்தாக்கள் மேலதிகாரியைக் கண்டு நடுங்குவதை ரயிலில் படித்துவிட்டு, இறங்கிப் போய் நானும் நடுங்குவேன். இலக்கியத்தால் வாழ்க்கைக்குப் பிரயோஜனமில்லை என்பவர்கள் அந்தப் பாசஞ்சரில் போனதில்லை.

ஒருநாள் கேன்டீனில் நாஷ்டா தட்டோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தான் கம்பி வெட்டும் மெஷினில் வேலை செய்த என் சிநேகிதன். ஆரம்பாக்கத்துக்கு அப்பால் ஆந்திர எல்லையை ஒட்டிய ஊர்க்காரன். அவன் பேசும்போது ஒரு வாக்கியம் தமிழில் புறப்பட்டுத் தெலுங்கில் போய்ச் சேரும்.

"நைனா, கம்பெனில பேண்டு வெக்கிறாங்களாம். பேர் குடுத்தா டப்பு இஸ்தாரன்ட."

'இஸ்தாரு' என்றால் தருவார்கள் என்பது எனக்குத் தெரியும். டப்பு என்றால் பணம் என்பது மீஞ்சூரில் கைக்குழந்தைக்கும் தெரியும். இட்லியை முடிக்காமலே எழுந்துபோய்ப் பெயர் கொடுத்துவிட்டு வந்தேன்.

மறுவாரம் வாட்ச்மேன் ஷெட்டுக்கு வரச் சொன்னார்கள். போனால் தரை முழுக்க மேளங்கள். சின்னது, நடுத்தரம், பிறகு ஒரு மூலையில், படுக்க வைத்த கிணற்று உறை மாதிரி ஒன்று.

"டப்பு எங்கடா?" என்று கேட்டேன்.

"இதோ!" என்றான், கல்யாண வீட்டைக் காட்டுவதுபோலக் கையை வீசி. "எத்தினி டப்பு பாரு!"

அவர்கள் பக்கத்தில் டப்பு என்றால் மேளமாம். பணத்தைச் சொல்லும்போது நடு எழுத்தைக் கொஞ்சம் மெத்தென்று அழுத்துவார்களாம். அந்த மெத்தென்ற அழுத்தம் என் காதில் விழாத காரணத்தால்தான் பின்னால் நடந்ததெல்லாம் நடந்தது.

உடனே விலகியிருக்கலாம். ஆனால் அதற்குள் பர்சனல் ஆபீசர் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டார். அவர் சென்னையிலிருந்து தினமும் வருகிறவர். டெம்பரவரிகளைப் பார்த்து அவர் சிரிப்பது அபூர்வம். "வெரி குட். பேண்டுல இருக்கற பசங்களத்தான் முதல்ல பெர்மனென்டுக்குக் கன்சிடர் பண்ணணும்னு எம்.டி. சொல்லியிருக்கார்" என்றார்.

டெம்பரவரி என்றால் என்னவென்று இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாமலிருக்கலாம். தொடர்ந்து வேலை பார்த்தால் உரிமை வந்துவிடும் என்பதால், அந்தக் கெடு நெருங்கும்போது 'பிரேக்' என்று சொல்லி வீட்டுக்கு அனுப்புவார்கள். சில வாரம் கழித்துப் புது ஆளைப் போலத் திரும்பக் கூப்பிடுவார்கள், கூப்பிட்டால். எனக்கு ஏற்கெனவே இரண்டு பிரேக் ஆகிவிட்டது. மூன்றாவதிலிருந்து யாரும் திரும்பி வந்ததில்லை. மீஞ்சூர் பஜாரில் சித்தப்பாவுக்கு அரிசிக் கடை இருந்தது. "பி.ஏ. படிச்சிட்டு பேனா புடிச்சிக்கினு இன்னாடா சம்பாரிச்சே? ஸ்டூல் காலியாத்தான் கீது. எப்ப வேணா வந்து குந்து" என்பார். அன்பாகத்தான் சொல்வார். எனக்கோ அந்த ஸ்டூல் என்றால் பயம். காலையில் அதில் உட்கார்ந்தால், அறுபது வயதில்தான் எழுந்திருக்க முடியும் என்று தோன்றும்.

எங்கள் பேண்டுக்கு மாஸ்டர், வாட்ச்மேன்களின் தலைவரான ஹவில்தார். பொதட்டூர்பேட்டைக்காரர். ராணுவ பேண்டில் இருந்து ரிடையராகி வந்தவர். அவருடைய மீசையின் இரண்டு முனைகளும் எப்போதும் அட்டென்ஷனில் நிற்கும். வரிசையாக எங்களைப் பார்த்துக்கொண்டே வந்தவர் என் முன்னால் நின்றார்.

"இன்னா வேலை?"

"டைம் ஆபீஸ், சார்."

"டைம் கீப்பர்தானே? அப்ப டைம கீப் பண்ணு. பெரிய டிரம்மு உனக்கு."

பெரிய டிரம் உயரமானவனுக்குரியது. நான் உயரமானவன் அல்ல. வாரைத் தோளில் மாட்டி டிரம்மைத் தூக்கி நிறுத்தினால் என் கண்ணுக்கு மேலே கொஞ்சம் ஆகாயமும், அதில் மிதந்து போகும் ஹவில்தாரின் தலைப்பாகைக் குஞ்சமும்தான் தெரியும். பூமி தெரியாது. என் கால்கூடத் தெரியாது. அந்தக் குஞ்சம் திரும்பினால் நானும் திரும்ப வேண்டும். நடந்துகொண்டே கிணற்றில் விழுந்தாலும், விழுந்த பிறகுதான் எனக்குத் தெரியவரும்.

இதையெல்லாம்கூடப் பழகிக்கொள்ளலாம். பழகவே முடியாதது ஒன்று இருந்தது. முதல் நாளே ஹவில்தார் என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார்.

"டேய் பி.ஏ., நல்லாக் கேட்டுக்கோ. எடது காலு கீழ வரும்போது ஒரு அடி. அவ்ளோதான் உன் வேலை. நான் கோலைத் தலைக்கு மேல தூக்கினா மட்டும் ரெட்டையா அடி. தொம்தொம். ரெட்டை அடி கேட்டா மொத்த பேண்டும் நின்னுடும். சைடு டிரம்மு, தாளம், ஊதறவன், நடக்கறவன் எல்லாம். என் பேச்சக்கூடக் கேக்க மாட்டான். உன் ரெட்டை அடியத்தான் கேப்பான். புரிஞ்சுதா?"

புரிந்தது. புரிந்த நிமிடத்திலிருந்து தூக்கம் போயிற்று. ஓடுகிற இயந்திரத்தை நிறுத்தும் பொத்தானை ஒரு மனிதனின் கையில் கொடுத்து, "இதைத் தவறி அழுத்திவிடாதே" என்று சொன்னால் அவன் வேறு எதை நினைப்பான்?

கை தானாக இரட்டித்துவிடுமோ என்ற பயம் எல்லாவற்றிலும் புகுந்தது. ஆபீசில் தேதி முத்திரை குத்தும்போது ஒரே சீட்டில் இரண்டு முறை குத்தினேன். வீட்டுக் கதவைத் தட்டும்போது ஒருமுறை தட்டிவிட்டுக் கையை இடுப்புக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். ரயில்தான் மோசம். தண்டவாள இணைப்புகளைத் தாண்டும்போது அது இரட்டையாகத்தான் அடிக்கும். தொம்தொம், தொம்தொம். ஒவ்வொரு முறையும் ரயில் நின்றுவிடும் என்று எதிர்பார்த்து சீட்டின் விளிம்பைப் பிடித்துக்கொள்வேன். எதிரே உட்கார்ந்திருந்த பழவேற்காட்டு மீன்காரம்மா ஒருநாள், "இன்னாப்பா, ஒடம்புக்கு முடியலியா?" என்று கேட்டுக் கூடையை நகர்த்தி இடம் விட்டாள்.

ஷிப்ட் முடிந்ததும் தொழிற்சாலைக்குப் பின்னால், கசடு கொட்டும் மேட்டுக்கும் யாருடையதோ ஒரு கழனிக்கும் நடுவில், பயிற்சி. கம்பி ஏற்ற வரும் லாரிகளின் கிளீனர்கள் வேலியில் தொற்றிக்கொண்டு பார்ப்பார்கள்.

"சார், யாரு பூட்டாங்க?"

"இன்னும் பூவலியாம். டிரம்ம தூக்கிக்கினு வராரே, அவருதான் போவப் போறாராம்!"

என் சிநேகிதன் சைடு டிரம். அவனுக்குப் பயமே கிடையாது. அவன் ஏற்கெனவே பெர்மனென்ட். நடந்துகொண்டே திரும்பி, "நைனா, டப்பு எப்டி கீது?" என்று கண்ணடிப்பான்.

போட்டி திருவள்ளூரில். குடியரசு தினத்தை ஒட்டிப் பக்கத்துத் தொழிற்சாலைகளின் பேண்டுகள் எல்லாம் ஒரே மைதானத்தில். கம்பெனி லாரியில் ஏற்றி, பெரியபாளையம் வழியாகக் கொண்டுபோனார்கள். முதல்நாள் கம்பி ஏற்றிப்போன லாரி. வெள்ளைக் கால்சட்டையின் பின்பக்கம் துருக் கறை. லாரி கிளம்பும் முன் பர்சனல் ஆபீசர் வந்து ஒவ்வொருவராகப் பார்த்தார். என்னிடம் வந்தபோது குரலைத் தாழ்த்தினார்.

"எம்.டி. நேர்ல வரார். அடுத்த வாரம் உன் பிரேக் டேட். தெரியுமில்ல?"

தெரியும் என்று தலையாட்டினேன். வேறு விதமாக ஆட்டவும் வழியில்லை, லாரி நகர்ந்துவிட்டது.

மைதானத்தில் மற்ற பேண்டுகளைப் பார்த்ததும் மிச்சமிருந்த தைரியமும் போயிற்று. ஒரு பேண்டில் பியூகிள் மட்டுமே ஒரு வரிசை. இன்னொன்றின் பெரிய டிரம்காரர் ஆறடி உயரம், தோளில் சிறுத்தைப் புள்ளி போட்ட வெல்வெட் துணி. அவர் என்னைக் குனிந்து பார்த்து, பிறகு என் டிரம்மைப் பார்த்து, "யாரு யாரத் தூக்கிக்கினு வந்தது?" என்று கேட்டார். உண்மையான அக்கறையோடு கேட்டதுபோலத்தான் இருந்தது.

போட்டி விதி எளிது. மைதானத்தைச் சுற்றி வாசித்துக்கொண்டே வந்து, மேடையைக் கடந்து, அந்தக் கோடியில் சுண்ணாம்புக் கோட்டில் போய் நிற்க வேண்டும். நடுவில் எங்கும் நிற்கக் கூடாது. மேடையில் தலைமை விருந்தினர்: அந்தப் பக்கத்தில் நிறைய நெல் வயலும் ஒரு அரிசி மில்லும் வைத்திருந்த பெரியவர். வெள்ளை ஜிப்பா, மார்பில் துணிப்பூ பேட்ஜ். அவருக்கு அடுத்து எங்கள் எம்.டி. இதெல்லாம் டிரம் மாட்டுவதற்கு முன் நான் பார்த்துக்கொண்டது. மாட்டிய பிறகு ஆகாயம்தான்.

எங்கள் முறை வந்தது. குஞ்சம் அசைந்தது. இடது கால், தொம். இடது கால், தொம்.

முதல் பக்கம் நன்றாகப் போயிற்று. இரண்டாம் பக்கம் திரும்பும்போது எனக்கு விக்கல் வந்தது.

பயத்தில் சிலருக்கு வியர்க்கும், சிலருக்கு நாக்கு ஒட்டும். எனக்கு விக்கல். யாராவது நம்மை நினைத்தால் விக்கல் வரும் என்பார்கள். அந்த நேரத்தில் சித்தப்பா மீஞ்சூரில் ஸ்டூலைத் துடைத்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். மூச்சை அடக்கிப் பார்த்தேன். எச்சில் விழுங்கிப் பார்த்தேன். ஒவ்வொரு விக்கலுக்கும் தோள் துள்ளியது, தோளோடு கை துள்ளியது. இடது காலுக்கும் விக்கலுக்கும் நடுவில் கோலைப் பிடித்து நிறுத்துவதே பெரும்பாடாக இருந்தது. கைதட்டல் பக்கத்தில் கேட்டதை வைத்து மேடை நெருங்கிவிட்டது என்று தெரிந்தது. கூட்டத்தின் சத்தம் சரியாக என் வலது காதுக்கு வந்தபோது, இடது கால் கீழே இறங்கியது. தொம். உடனே விக்கல். தொம்.

எல்லாம் நின்றது.

எங்கள் பேண்டு எந்த வேலையையும் அவ்வளவு கச்சிதமாகச் செய்து நான் பார்த்ததில்லை. கடைசி ஆள் வரை ஒரே காலில் நின்றார்கள். ஊதிக்கொண்டிருந்தவன் மூச்சை அப்படியே உள்ளே இழுத்துக்கொண்டான். மைதானத்தில் காக்கைச் சத்தம் கேட்டது. குஞ்சம் மட்டும் நாலு தப்படி தனியாகப் போய், சந்தேகப்பட்டு, நின்று, மெதுவாகத் திரும்பி வந்தது.

"டேய் பி.ஏ." ஹவில்தாரின் குரல் மீசைக்குள்ளிருந்து வந்தது. "இன்னாடா பண்ணே?"

"விக்கல் சார்."

"அசையாத. யாரும் அசையாதீங்கடா. செத்தோம்."

ராணுவத்துக்காரரே 'செத்தோம்' என்று சொல்லிவிட்டார். எனக்கு அதுதான் அதிக பயத்தைக் கொடுத்தது.

மறுபடி தொடங்குவதற்கு ஒரு கட்டளை இருக்கும். ஆனால் மேடைக்கு முன்னால் நின்றுபோன பேண்டைத் தொடங்கும் கட்டளையை ராணுவத்தில் அவருக்குச் சொல்லித் தரவில்லைபோலும். நின்றோம். நாவல்களில் தூக்குமேடைக் காட்சிகளைப் படிக்கும்போது, அந்த மனிதன் எதை நினைப்பான் என்று யோசித்திருக்கிறேன். அவன் எதையும் நினைப்பதில்லை. அவனுக்கு விக்கல் நின்றுபோகிறது, அவ்வளவுதான்.

அப்போது மேடையில் நாற்காலி நகரும் சத்தம். படியில் செருப்புச் சத்தம். டிரம்முக்கு மேலே, ஆகாயம் இருந்த இடத்தில், நரைத்த தலை ஒன்று தோன்றியது. தலைமை விருந்தினர்.

"இன்னாப்பா, என்னப் பாத்து நிறுத்திட்டீங்களா?"

நான் வாயைத் திறந்தேன்.

"கேக்க வாணாம், தெரியும்" என்று சிரித்தார். "எங்க ஊட்டாண்ட மோளம் வந்து நின்னா, நான் சும்மா அனுப்பினதே இல்ல."

திருவிழாவிலும் பொங்கலிலும் மேளக்காரர்கள் பெரிய வீட்டு வாசலில் வந்ததும் சட்டென்று வாசிப்பை நிறுத்திப் பேசாமல் நிற்பார்கள். வீட்டுக்காரர் இனாம் கொடுத்த பிறகுதான் மேளம் நகரும். அவர் பிறந்ததிலிருந்து அதைத்தான் பார்த்திருக்கிறார். தன் எதிரில் ஒரு மேளம் நின்றால் அதற்கு அவர் அறிந்த அர்த்தம் ஒன்றே ஒன்று. டிரம்மைச் சுற்றி என் பக்கத்தில் வந்து, ஜிப்பாப் பையில் கைவிட்டு ஒரு நோட்டை எடுத்தார். என் கை இரண்டிலும் கோல், சட்டையில் பையில்லை. சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு தன் மார்பிலிருந்த பேட்ஜின் ஊக்கைக் கழற்றி, அந்த நோட்டை என் நெஞ்சில் குத்திவிட்டார். துணிப்பூ கீழே விழுந்தது. கூட்டம் கைதட்டியது.

பக்கத்திலிருந்து சைடு டிரம் சிநேகிதன் மெல்லச் சொன்னான்: "நைனா, டப்பு ஒச்சிந்தி."

வந்துவிட்டது என்று அர்த்தம். இந்த முறை நடு எழுத்தின் மெத்தென்ற அழுத்தம் எனக்கு நன்றாகவே கேட்டது.

எங்களுக்குப் பரிசில்லை. நடுவில் நின்றதற்கு மதிப்பெண் போயிற்று. இனாம் வாங்கியதற்கு என்ன செய்வதென்று நடுவர்கள் வெகுநேரம் குசுகுசுத்தார்கள். சிறுத்தைப்புள்ளிக்காரர் கோப்பையை வாங்கிக்கொண்டு போகும்போது என் நெஞ்சைப் பார்த்தார். அதில் பொறாமை இருந்ததா இரக்கம் இருந்ததா என்று இன்றுவரை தீர்மானிக்க முடியவில்லை. எங்கள் எம்.டி. யாரையும் பார்க்காமல் காரில் ஏறினார். பர்சனல் ஆபீசர் லாரிக்கு வந்து, "காலைல என் ரூமுக்கு வா. ஹவில்தார், நீங்களும்" என்றார்.

லாரி பெரியபாளையம் வழியாகவே திரும்பியது. கம்பெனிக்காரர்கள் எம்.டி. முன்னாலேயே கையேந்தினார்கள் என்று நாளைக்கே எல்லாக் கேன்டீனிலும் பேசுவார்கள். ஸ்டூலுக்கு எந்தப் பக்கம் சாய்மானம் இருக்கும் என்று யோசித்தேன். ஸ்டூலுக்குச் சாய்மானமே கிடையாது என்பது பிறகுதான் ஞாபகம் வந்தது.

மறுநாள் காலை அந்த அறையில் ஹவில்தார் அட்டென்ஷனில் நின்றார். நானும் நின்றேன். பர்சனல் ஆபீசர் பேனாவை மூடினார்.

"நேத்து மேடை முன்னாடி நிறுத்தினது யார் ஐடியா?"

பதில் சொல்ல வாயைத் திறந்தால் விக்கல் வந்துவிடும் போலிருந்தது. பற்களைக் கடித்துக்கொண்டேன்.

"நம்ம கம்பெனிக்குப் பின்னால கழனி இருக்கே, அது அந்தப் பெரியவரோடது" என்றார் அவர். "ரோடு போட எடம் குடுங்கன்னு எம்.டி. எவ்வளவு நாளா கேக்கறார் தெரியுமா? மொகம் குடுத்தே பேசமாட்டார் மனுஷன். நேத்து சாயந்திரம் அவரே வந்து, 'உங்க பசங்களுக்கு மரியாதை தெரியுது, எடத்த பத்திப் பேசலாம், வாங்க'ன்னார். அதான் கேக்கறேன். யார் ஐடியா?"

ஹவில்தார் என்னைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தபடி, ராணுவத்தில் பொய்யே சொல்லிப் பழகாத குரலில் சொன்னார்:

"ரிகர்சல் பண்ணது சார். இவன்தான் கரெக்டா அடிச்சான்."

அடுத்த வாரம் எனக்கு வரவேண்டிய பிரேக் வரவில்லை. பெர்மனென்ட் ஆர்டர் வந்தது. சித்தப்பா ஸ்டூலைப் பக்கத்து வெற்றிலைக் கடைக்கு இரவல் கொடுத்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன். இனி நிம்மதியாக நாவல் படிக்கலாம் என்றிருந்தேன். மறுநாளே பயிற்சிக்கு வரச் சொன்னார் ஹவில்தார்.

"வர்ற வருசமும் அவருதான் சீப் கெஸ்டாம். எம்.டி. ஆர்டரு. மேடையாண்ட நிக்கணும், அதே எடத்துல, அதே மாதிரி."

"அது விக்கல்ல வந்தது சார்."

"எதுல வந்தா இன்னா? அதே மாதிரி தப்பா அடி. ஒழுங்கா அடிச்சிக் காரியத்தைக் கெடுத்துடாத!"

ஆக, அதுவரை இரட்டித்துவிடுமோ என்று நடுங்கிக்கொண்டிருந்தவன், அன்று முதல் இரட்டிக்காமல் போய்விடுமோ என்று நடுங்கத் தொடங்கினேன். நான் பெர்மனென்ட் ஆனபோது பயத்துக்கும் ஆர்டர் கொடுத்துவிட்டார்கள். மேடை எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாதே! குஞ்சத்தைப் பார்த்து அடி என்றார் ஹவில்தார். குஞ்சத்தை நம்ப முடியாது என்பது முதல் போட்டியிலேயே தெரிந்த விஷயம். கடைசியில் டிரம்மின் வாரை ஒரு துளை இறக்கிக் கட்டிக்கொண்டேன். முட்டி இடிக்கும், ஆனால் விளிம்புக்கு மேலே கொஞ்சம் பூமி தெரியும்.

அடுத்த வருடம் அதே மைதானத்தில் திருப்பத்தில் வந்தபோது, டிரம்மைச் சுமந்தபடி முதல் முறையாக மேடை என் கண்ணில் பட்டது. கழனியில் அதற்குள் ரோடு வந்திருந்தது. ரோடு போக மிச்சமிருந்த நிலத்தையும் கம்பெனி கேட்டுக்கொண்டிருப்பதாகப் பேச்சு. எம்.டி. பெரியவரின் காதருகே குனிந்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். பெரியவர் அதைக் கேட்கவில்லை. மேளத்தோடு நாங்கள் நெருங்க நெருங்க, எங்களையே பார்த்தபடி, இந்தத் தடவை எவ்வளவு கொடுத்தால் நகருவார்கள் என்று தெரியாத மனிதராக, ஜிப்பாப் பையைத் தடவிக்கொண்டிருந்தார்.

இடது கால் கீழே இறங்கியது. அடித்தேன். தொம்தொம்.